கூப்டு, திரும்பறது யாருன்னு பாரு

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ஊரான நகரியில் அந்தப் பெயர் உள்ள பத்துப் பெண்களாவது திரும்பிப் பார்ப்பார்கள். அது அக்காவுக்கே பிடிக்காது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஆளையும் தெரிந்துவிட்டதாக நினைக்கிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். லேபுக்குள் அவர் சிரித்தால் வராந்தாவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்த மாதிரி சிரிப்பு.

ஆந்திர எல்லையில் புத்தூருக்கு வெளியே, மாந்தோப்பை அழித்துக் கட்டிய ஒரு இன்ஜினியரிங் காலேஜில் நான் படித்தேன். ஊருக்கு ஊர் அப்படி ஒரு காலேஜ் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அக்கா அங்கே கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் நடத்துகிற வேலை இல்லை. மெஷின்கள் ஓட வேண்டும், நெட் வர வேண்டும், பிரிண்டர் முறைக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் வேலை. எங்களைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். நகரியில் அவர்கள் வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவருக்கு.

முதல் நாள் லேபில் அட்டெண்டன்ஸ் எடுத்தது அவர்தான். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆந்திராவில் யார் பெயரானாலும் முன்னால் ஒரு வீட்டுப் பெயர் வேண்டும், 'இண்டி பேரு' என்பார்கள். எங்களைப்போல எல்லையில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். சேர்க்கப் போன அன்று ஹெட்மாஸ்டர் ஃபாரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல் எங்கள் ஊர்ப் பெயரையே அதில் எழுதிவிட்டார். நாகலாபுரம் பக்கத்தில் சின்ன ஊர். எனக்கு மட்டும் இல்லை, அந்த வருஷம் எங்கள் தெருவிலிருந்து சேர்ந்த எல்லோருக்கும் அதேதான். அதனால் அக்கா லிஸ்ட்டைப் பார்த்து அந்த வீட்டுப் பெயரைக் கூப்பிட்டதும் நாங்கள் நாலு பேர் எழுந்து நின்றோம்.

அக்கா பேப்பரைக் கீழே வைத்தார்.

"இன்னாடா இது? ஒரு பேரு கூப்ட்டா ஒரு பெஞ்சே எழுந்துக்குது. அண்ணன் தம்பிங்களா?"

"இல்ல மேடம். ஒரே ஊரு."

"இங்க மேடம் மேடம்னு பதினஞ்சு பேரு கீறாங்க. நீ கூப்ட்டா எல்லாம் திரும்பும். அக்கான்னு கூப்டு, நான் ஒருத்திதான் திரும்புவேன்." பிறகு என்னைக் கேட்டார்: "உன்ன வீட்ல இன்னான்னு கூப்புடுவாங்க?"

எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. "தொர" என்றேன்.

வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "தொர" என்று கூப்பிட்டுப் பார்த்தார். நான் நிமிர்ந்தேன். "ஒருத்தன்தான் திரும்பறான். இது போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அன்றிலிருந்து நாலு வருஷமும் நான் அந்த லேபில் தொரதான்.

"கூப்டு, திரும்பறது யாருன்னு பாரு" என்பது எப்போதும் அவர் வாயில் இருக்கும். அதற்கு இரண்டாவது பாதி ஒன்றும் உண்டு: "திரும்பலன்னா பிடுங்கு, கத்தறது யாருன்னு பாரு." மனிதர்களுக்கு முதல் பாதி, மெஷினுக்கு இரண்டாவது பாதி என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை.

அவரைப் பெண் பார்க்க ஒரு தடவை திருப்பதியிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் சிஸ்டம்ஸ் மேனேஜர் என்று சொல்லி அச்சடித்த கார்டு ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்காவின் நைனாவுக்கு, எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பரம திருப்தி. மறுநாள் மதியம் அக்கா காலேஜ் கேட் பக்கம் இருந்த காசு போட்டுப் பேசுகிற போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்து, மாப்பிள்ளை பெயரைச் சொல்லிக் கேட்டார். எடுத்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார், அவர் இன்னொருவரிடம் கேட்டார். கடைசியில் ஒருவர் வந்து, அவன் ட்ரெயினிங்குக்கு வந்துவிட்டு அப்போதே நின்றுவிட்டானே என்றாராம்.

இதை அக்கா எங்களிடம் ரகசியமாகவா சொன்னார்? பிராக்டிகல் நடக்கும்போது முழு லேபுக்கும் கேட்கச் சொன்னார். "கூப்ட்டேன்பா. ஒரு ஆபீஸ் மொத்தத்துல ஒருத்தனும் திரும்பல. நைனாகிட்ட சொன்னேன், திரும்பாத ஆளுக்கு நான் இன்னாத்துக்கு தலைய நீட்டணும்னு. நைனா ரெண்டு நாளு சோறு துன்னல. அப்புறம் துன்னாரு."

ஆனால் இந்தக் குணத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்கிற சமயங்களும் உண்டு. எந்த ஒயர் எந்த அறைக்குப் போகிறது என்று யாரும் எழுதி வைக்காத காலேஜ் எங்களுடையது. அக்கா கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். பிடுங்குவார், காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். எந்த அறையிலிருந்து சத்தம் வருகிறதோ அந்த ஒயர் அந்த அறைக்கு. ஒருநாள் சத்தம் கரஸ்பாண்டென்ட் அறையிலிருந்து வந்தது. காலேஜை நடத்துகிறவர், ஏதோ பெரிய இடத்துக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அக்காவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை கேட்காமல் எதையாவது பிடுங்கினாலும் நிறுத்தினாலும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லி அனுப்பினார். அக்கா வெளியே வந்து என்ன சொன்னார் தெரியுமா? "எப்படியோ, அந்த ஒயரு யாருதுன்னு தெரிஞ்சிடுச்சு" என்றார்.

இனி அந்த அக்டோபர் காலை.

எங்கள் காலேஜுக்கு அதுவரை ஒரு கம்பெனிகூட ஆள் எடுக்க வந்ததில்லை. கரஸ்பாண்டென்ட் யார் யாரையோ பிடித்து, பெங்களூர் கம்பெனி ஒன்றை வரவழைத்திருந்தார். பரீட்சை அவர்களுடைய வெப்சைட்டில். ஆளுக்கு ஒரு மெஷின், ஆளுக்கு வேறு வேறு கேள்வி. பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டும். மதியம் அவர்களுக்குச் சித்தூர் பக்கம் வேறொரு காலேஜ் இருந்தது. பத்துக்கு ஆரம்பிக்காவிட்டால் நேராக அங்கே கிளம்பிவிடுவோம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அந்தப் பரீட்சையை விட்டால் வேறொன்று கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரிலிருந்து படித்து முடித்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கான்ட்ராக்ட் லேபராகப் போய்க்கொண்டிருந்தார்கள், படிக்காதவர்களும் அதே வேனில்தான் போனார்கள். என் நைனா கூலிக்குப் போன நிலத்திலேயே துண்டு நிலம் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் அந்த வேனில் ஏறினால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பரீட்சை வைத்த நாள் விஜயதசமிக்கு மறுநாள். அதில்தான் சிக்கல். ஆயுத பூஜைக்கு லேபைக் கழுவித் துடைத்து, எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சர்வர் மேல் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டோம். பூஜையில் வைத்ததைக் கற்பூரம் காட்டி எடுக்கிறவரை யாரும் ஓட்டக் கூடாது. விஜயதசமி லீவு. ஆகவே பரீட்சை அன்று காலையில்தான் மறுபடி சுவிட்சைத் தொட்டோம். அக்கா நகரிக்குப் போயிருந்தார். தறி ஓடுகிற வீட்டில் ஆயுத பூஜை என்றால் பொங்கலைவிடப் பெரிது. போகும்போது, "தொடைங்க, எத்தையும் கழட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

என் கூட்டாளி பாபு கழட்டினான். எங்கள் ஊர்க்காரன், எழுந்து நின்ற நாலு பேரில் ஒருத்தன். சாமிக்கு வைக்கிற பொருளை அழுக்காக வைக்கலாமா என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. சர்வரைத் திறந்து, உள்ளே இருந்த நெட்வொர்க் கார்டு இரண்டையும் வெளியே எடுத்து, அதன் பித்தளைப் பல்லையெல்லாம் பென்சில் ரப்பரால் பளபளவென்று தேய்த்து, திரும்பவும் சொருகிவிட்டான். இத்தனை பக்தியோடு அந்த மெஷினை யாரும் பார்த்துக்கொண்டதில்லை.

அந்தச் சர்வர் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அதில் லினக்ஸ் ஓடியது. இலவசம் என்பதால் காலேஜுக்கு அதன் மேல் மரியாதை. அதற்கு இரண்டு கார்டு. ஒன்று வெளியே பார்க்கிறது: ஆபீஸ் கட்டடம் வழியாக வருகிற இன்டர்நெட் ஒயர் அதில் வரும். இன்னொன்று உள்ளே பார்க்கிறது: லேப் மெஷின்களுக்குப் போகிற ஒயர் அதில். காலையில் ஒவ்வொரு மெஷினும் கண் விழித்ததும் சர்வர்தான் அதற்கு ஒரு நம்பர் கொடுக்கும். நம்பர் கிடைக்காத மெஷின் சும்மா கிடக்க வேண்டியதுதான். லினக்ஸ் அந்தக் கார்டுகளுக்கு வைத்திருக்கும் பெயர் ஈத் ஜீரோ, ஈத் ஒன். ஜீரோ வெளியே, ஒன் உள்ளே. அக்கா கார்டின் பின்பக்கத் தகட்டில் ஒயிட்னரால் 'வெ' என்றும் 'உ' என்றும் எழுதி வைத்திருந்தார்.

அன்று கற்பூரம் காட்டி, பழத்தை எடுத்து, சர்வரைப் போட்டோம். ஓடியது. லேப் மெஷின்களைப் போட்டோம். ஒன்றுக்கும் நம்பர் வரவில்லை.

ஹெச்.ஓ.டி. சார் ஓடி வந்தார். நல்ல மனிதர், தெலுங்குக்காரர், பதறினால் மூன்று பாஷையும் கலந்து வரும். சர்வரில் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளி கார்டு, உள் கார்டு இரண்டும் தலைகீழாகி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கீபோர்டில் உட்கார்ந்து ஜீரோவுக்கு உள் நம்பரும் ஒன்னுக்கு வெளி நம்பருமாக மாற்றி அடித்தார். இதே விஷயம் பாபுவுக்கும் தெரிந்துவிட்டது. அவன் சர்வருக்குப் பின்னால் குனிந்து இரண்டு ஒயரையும் மாற்றிச் சொருகினான். முன்னால் ஒருத்தர் திருத்த, பின்னால் ஒருத்தன் திருத்த, இரண்டும் சேர்ந்து பழையபடி ஆகிவிட்டது. சார், "ராலேதே" என்று திரும்ப மாற்றி அடித்தார். பாபு, "வரலையே" என்று திரும்ப ஒயரை மாற்றினான். இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. கூட நின்ற எங்களுக்கும் மூளை வேலை செய்யவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆபீஸிலிருந்து அட்டெண்டர் வந்தார். அங்கேயும் நெட் இல்லையாம். ஆபீஸ் மெஷின்களில் எல்லாம் லேப் நம்பராக வந்திருக்கிறதாம்.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார். நகரி ரயில் லேட். கையில் பூஜைப் பொரி, கடலை மூட்டை. அட்டெண்டர் சொன்னதைக் கேட்டு வாசலிலேயே நின்று சிரித்தார்.

"நம்ம ஆளு தப்பான தெருவுல நின்னுக்கினு தாம்பூலம் குடுத்துக்கினு கீறான். இங்க கல்யாண வீட்டுக்காரன் வெறுங்கையோட நிக்கிறான்."

அக்கா மூட்டையை மேஜையில் வைத்தார். "எல்லாரும் கைய எடுங்க. சார், நீங்களும். பாபு, வெளிய வாடா பின்னாலருந்து."

முதலில் ஒயர்களை அவர் போட்ட குறிப்படியே சொருகினார்: வெளி ஒயர் 'வெ' கார்டில், லேப் ஒயர் 'உ' கார்டில். "தொர, ஸ்க்ரீனப் பாரு. இன்னா வருதுன்னு கத்து" என்று சொல்லிவிட்டு 'உ' கார்டிலிருந்து ஒயரைப் பிடுங்கினார்.

ஒயர் விட்டுப்போயிற்று என்று திரையில் ஒரு வரி வந்தது. "ஈத் ஜீரோ, லிங்க் டவுன்" என்று படித்தேன்.

"கத்தனது யாரு?"

"ஜீரோ."

"ஜீரோ உள்ளயா இருக்கணும்?" அக்கா குனிந்து பின்பக்கத் தகட்டைப் பார்த்தார். எப்போதும் மேலே இருக்கும் 'வெ' கீழே இருந்தது. 'உ' மேலே இருந்தது. அங்கிருந்தபடியே, "யாருடா இதுங்கள எடம் மாத்தி ஒக்கார வெச்சது?" என்றார்.

பாபு கையில் இன்னும் அந்த ரப்பர் இருந்தது. "அக்கா, சாமிக்குன்னு..."

"நல்லா தேச்சிக்கீற. பளபளன்னு கீது." திட்டவில்லை. "இந்த மெஷினுக்கு மூஞ்சி தெரியாது தம்பி. காலைல எழுந்து பெஞ்சப் பாக்கும். மொத எடத்துல ஒக்காந்தவன் ஜீரோ, அடுத்தவன் ஒன்னு. நீ பையனுங்கள எடம் மாத்திட்ட. அது பேர மாத்திக்கிச்சு."

பிடுங்கிய ஒயரை அக்கா மறுபடி குறிப்படி சொருகியதும், சார் கடைசியாக அடித்து வைத்திருந்த மாற்றத்தோடு எல்லாம் பொருந்திவிட்டது. முதல் வரிசை மெஷினில் நம்பர் வந்தது. பிறகு இரண்டாவது வரிசை. லேப் முழுக்கச் சத்தம். ஹெச்.ஓ.டி. சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. நான் பாபுவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா மட்டும் உட்காரவில்லை. "சார், நீங்க அடிச்சது காத்துல எழுதினது. கரண்டு போனா போயிடும்."

"இப்புடு பனி சேஸ்துந்தி கதா, முட்டுகோகம்மா. வேலை செய்யுது, தொடாதே" என்றார் சார், கெஞ்சலாக.

"செய்யுது சார். ஒரு வாட்டி கூப்ட்டதுக்கு திரும்பிக்கீது. ரெண்டாவது வாட்டி திரும்புமான்னு பாக்க வேணாமா?"

சொல்லிக்கொண்டே உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு கார்டிலும் செய்த இடத்திலேயே பதித்த ஒரு நம்பர் உண்டு, உலகத்தில் இன்னொரு கார்டுக்கு அது இருக்காது. அந்த நம்பருள்ள கார்டு எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அதுதான் ஜீரோ, இந்த நம்பருள்ளதுதான் ஒன் என்று இரண்டு வரி. முன்பிருந்த செட்டிங்கைத் திரும்ப எழுதினார். பிறகு ரீஸ்டார்ட் கொடுக்கக் கையை வைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரஸ்பாண்டென்ட் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரோடு உள்ளே வந்தார். "ரெடியா?" என்றார்.

"ரெடி சார். ஒருவாட்டி நிறுத்திப் போட்டுப் பாக்கறேன்."

கரஸ்பாண்டென்ட்டின் முகம் போன போக்கைப் பார்த்தோம். முன்பு ஒயரைப் பிடுங்கியபோது என்ன சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். "ஓடறத எதுக்கும்மா நிறுத்தணும்?" என்றார், வந்தவர்கள் முன்னால் குரலை உயர்த்தாமல்.

"ஓடறத நிறுத்தினாதான் சார் மறுபடி ஓடுமான்னு தெரியும். இந்தவாட்டி கேட்டுட்டுதான் நிறுத்தறேன்." எண்டர் தட்டினார்.

திரை கறுப்பானது. வரி வரியாக ஓட ஆரம்பித்தது. நடுவில் நின்றது. இந்த டிஸ்க்கைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று, முழுக்கச் சோதித்துவிட்டுத்தான் மேலே போவேன் என்று ஒரு வரி. கீழே ஒரு சதவீதம், நத்தை மாதிரி.

இதை அக்கா எதிர்பார்க்கவில்லை. அந்த நாலு வருஷத்தில் அவர் வாய் மூடி நான் பார்த்தது அப்போதுதான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஹெச்.ஓ.டி. சார் சுவரில் இருந்த வெங்கடேஸ்வர சுவாமி காலண்டரைப் பார்த்தார். எனக்கு அந்த வேன் நினைவுக்கு வந்தது. அதிகாலை இருட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையில் நிற்கிற வேன்.

டிஸ்க் முடிந்தது. வரிகள் மறுபடி ஓடின. ஈத் ஜீரோ எழுந்தது, ஈத் ஒன் எழுந்தது. அக்கா எழுந்து போய் 'உ' கார்டு ஒயரைப் பிடுங்கினார். "தொர."

"ஈத் ஒன், லிங்க் டவுன்."

திரும்பச் சொருகினார். "முன்னாடி பெஞ்சு?"

"வந்துடுச்சுக்கா."

"பின்னாடி?"

"வந்துடுச்சு."

"ஆபீஸ்?"

அட்டெண்டர் ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்.

அக்கா கம்பெனிக்காரர்களைப் பார்த்து, "ஒக்காரச் சொல்லுங்க சார் பசங்கள" என்றார், ஏதோ பந்தியில் இலை போட்ட வீட்டுக்காரி மாதிரி. சொன்ன நேரத்துக்கே பரீட்சை ஆரம்பித்தது.

பாதியில் கரண்டு போனது. அந்தக் காலத்தில் அது செய்தியே இல்லை. லேப் மெஷின்களை யு.பி.எஸ். தாங்கியது. சர்வருடையது பழசு, ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டுக் கைவிட்டது. மூலையில் விளக்குகள் அணைந்தன. என் திரையில் கேள்வி அப்படியே நின்றது. வெளியே ஜெனரேட்டர் இருமி இருமிக் கிளம்பியது. சர்வர் தானாக எழுந்தது, யாரும் பக்கத்தில் போகாமலே. அதுபாட்டுக்கு ஜீரோ வெளியே, ஒன் உள்ளே. என் கேள்வி நகர்ந்தது. நான் விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது ஹெச்.ஓ.டி. சார் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

பரீட்சை முடிந்து கம்பெனிக்காரர்கள் வெளியே போனதும், சார் அவர் பக்கத்தில் வந்து மெதுவாக, "நேனு டைப் சேசிந்தி போயுண்டேதி" என்றார். நான் அடித்ததாக இருந்தால் போயிருக்கும் என்று.

"எல்லாரும் கேட்டுக்கினீங்களா? சார் ஒத்துக்கினாரு" என்று லேப் முழுக்கக் கேட்கச் சொன்னார் அக்கா. சாரும் சேர்ந்து சிரித்தார். பிறகு பொரியும் கடலையும் எல்லோருக்கும் போயிற்று. கரஸ்பாண்டென்ட்டுக்கு ஒரு தட்டில் வைத்து அக்காவே எடுத்துக்கொண்டு போனார். அவர் அதைத் தின்றார் என்று அட்டெண்டர் சொன்னார். வேலையை விட்டு அனுப்புகிற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

ஒரு வாரத்தில் நோட்டீஸ் போர்டில் பெயர்கள் வந்தன. ஒன்பது பேர். அதில் ஒரே வீட்டுப் பெயரில் இரண்டு பேர்: நான், பாபு. அக்கா போர்டு முன்னால் நின்று, "கார்ட மாத்தி சொருகினவனுக்கே வேல குடுத்துட்டாங்க. இனி அந்தக் கம்பெனிய பெருமாள்தான் காப்பாத்தணும்" என்றார். பாபு வெட்கத்தில் நெளிந்தான். இப்போது அவன் அங்கேயே டீம் லீடர்.

பெங்களூரில் நான் இதே வேலையில்தான் இருக்கிறேன். நடுவில் லினக்ஸ்காரர்கள் பெயர் வைக்கிற முறையையே மாற்றிவிட்டார்கள். ஜீரோ, ஒன் போய், எந்த ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறதோ அதை வைத்து நீளமாக ஒரு பெயர். வரிசை குழம்புகிற தொல்லை இதில் இல்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் என் கைக்கு வருகிற ஒவ்வொரு சர்வரிலும் ஒரு தடவை ஒயரைப் பிடுங்கி யார் கத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அக்கா பக்கத்தில் இருந்தால், ஸ்லாட்டை வைத்துப் பெயர் வைப்பதா, மூஞ்சியை வைத்தா என்று அந்த லினக்ஸ்காரர்களோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டிருப்பார்.

நான் பெங்களூருக்குக் கிளம்பிய சாயங்காலம் புத்தூர் ஸ்டேஷனில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். நானும் நைனாவும் ரேணிகுண்டா பக்கம் போகிற பிளாட்பாரத்தில். அக்கா எதிர்ப் பிளாட்பாரத்தில், நகரி போகிற ரயிலுக்காக. எப்போதும்போல இரண்டு பக்கமும் புத்தூர் வைத்தியரிடம் எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள் கையையும் காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"தொர" என்று குரல் வந்தது. திரும்பினேன். "எங்க கிளம்பிட்ட?"

அவருக்குத் தெரியும். "பெங்களூருக்கா" என்றேன்.

"கேக்கல."

"பெங்களூரு."

"இன்னாத்துக்கு?"

"வேலைக்கு."

அக்கா தன் பக்கத்துப் பிளாட்பாரம் முழுக்கத் திரும்பினார். "கேட்டுக்கினீங்களா? எங்க லேப்ல பரீட்ச எழுதினவன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைக்குப் போறான்." பிறகு மறுபடி எங்கள் பக்கம்: "பக்கத்துல யாரு, நைனாவா? ஐயா, உங்க புள்ளயா?"

நைனா வெளியாட்களிடம் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. தாலுகா ஆபீஸானாலும் பள்ளிக்கூடமானாலும் என்னை முன்னால் தள்ளிவிட்டுத் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்பார். இப்போதும் நான்தான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் தோளுக்குப் பின்னாலிருந்து, தண்டவாளத்தைத் தாண்டி, எதிர்ப் பிளாட்பாரச் சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஆமாம்மா. எம்புள்ளதான்."

நகரி ரயில் வந்து நடுவில் நின்றது. போனபோது அக்கா இருந்த இடம் காலியாக இருந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர், தோள்பட்டையிலிருந்து முழங்கை வரை கட்டு, நைனாவுக்கு இடம் விட்டு நகர்ந்து, பையனுக்கு என்ன வேலை என்று கேட்டார். நைனா உட்கார்ந்தார். சர்வர் என்று ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தார். அது என்ன என்று அவர் கேட்டதற்கும் நைனாவே பதில் சொன்னார்:

"அதுக்கு ரெண்டு காது. ஒண்ணு வெளிய கேக்கும், ஒண்ணு உள்ள கேக்கும். மாறிப்போச்சுன்னா எம்புள்ள போய் பாப்பான்."

எங்கள் ரயில் வரும்வரை நைனா பேசிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசவில்லை.